முதல் தொடுதல்

(பள்ளி மாணவ மாணவியருக்கான கோடைக்கால கைப்பந்துப் பயிற்சி முகாமின் முதல் நாள் காலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பெற்றோரும் சிலர் வந்திருக்கிறீர்கள், உங்களுக்கும் வணக்கம்.

காலையில் நான் வந்தபோது முகாம் தொடங்கவில்லை. ஆனாலும் நீங்களே வலையைக் கட்டி, பந்தை எடுத்து, வரிசையில் நின்று ஸ்மாஷ் அடித்துக்கொண்டிருந்தீர்கள். பார்க்க சந்தோஷமாக இருந்தது. அரை மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தேன். அந்த அரை மணியில் ஒருவர்கூட, எதிரணி போடும் சர்வீஸை வாங்கி எடுத்துப் பழகவில்லை. சரி, இன்றைக்கு இதைத்தான் பேச வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஸ்மாஷ் மேல் ஆசை வருவது இயல்பு. ஊரில் மின்னொளிப் போட்டி நடந்தால் விசில் பறப்பது அதற்குத்தான். உங்கள் வயதில் எனக்கு ஜிம்மி ஜார்ஜ் என்றால் உயிர். கேரளத்துப் பேராவூர்க்காரர், இத்தாலிக்குப் போய் அங்குள்ள கிளப்களுக்கு ஆடியவர். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய நம் அணியில் அவர் இருந்தார். அதே அணியில் ஆடிய பி.வி. ரமணாவின் மகள்தான் உங்களுக்குத் தெரிந்த பேட்மிண்டன் சிந்து. ஜிம்மி ஜார்ஜ் மாதிரி தாவ வேண்டும் என்று நான் தினமும் வேப்பமரக் கிளையைத் தொட்டுத் தொட்டுப் பழகினேன்.

பதினொன்றாம் வகுப்பில் மாவட்ட இறுதி ஆட்டம். அப்போது ஒரு செட்டுக்கு 15 புள்ளி. சர்வீஸ் போடுகிற அணிக்கு மட்டும்தான் புள்ளி கிடைக்கும். கடைசி செட்டில் 12-9 என்று நாங்கள் முன்னால் இருந்தோம். எதிரணிப் பையன் ஒருவன் சர்வீஸ் போட வந்தான். என்னைப் பார்த்தே போட்டான். ஒன்று கையில் பட்டுப் பார்வையாளர் பக்கம் போனது. அடுத்தது வலையில். வரிசையாக ஆறு சர்வீஸ், ஆறும் எனக்கு. 12-15. எங்கள் அணியிலேயே உயரமாகத் தாவுபவன் நான்தான். அந்த ஆறு பந்தில் ஒரு தடவைகூட நான் தாவவில்லை. சர்வீஸை எடுக்கும் அந்த முதல் பாஸ், ஸ்மாஷுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரிடம் போனால்தானே தாவுவதற்கு?

அன்றைக்கு எனக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடிக்கப் பல வருடம் ஆனது. அந்த வருடங்கள் உங்களுக்கு வீணாகக் கூடாது.

நாம் பள்ளியில் எப்படிப் பழகுகிறோம்? வட்டமாக நின்று தட்டுகிறோம், அல்லது எதிரெதிரே இருவர் நிற்கிறோம். பந்து எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புகிறோம். ஆட்டத்தில் அப்படி ஒரு பந்தாவது வருகிறதா? சர்வீஸ் வலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறது. போக வேண்டிய இடமோ வலையோரம் சற்று வலது பக்கம் நிற்கும் செட்டர். ஒரு திசையிலிருந்து வாங்கி இன்னொரு திசைக்கு அனுப்ப வேண்டும். ஆகவே இந்த முகாமில் வட்டம் கிடையாது. மூன்று பேர், முக்கோணம். ஒருவர் வலைக்கு அப்பாலிருந்து சர்வீஸ் போடுவார், ஒருவர் எடுப்பார், ஒருவர் செட்டர் இடத்தில் நின்று பிடிப்பார்.

இப்போது கையை நீட்டுங்கள். ஒரு கைக்குள் இன்னொரு கை, இரண்டு கட்டை விரலும் பக்கத்தில் பக்கத்தில், கீழ்நோக்கி. முழங்கை மடங்கக் கூடாது. மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே சதை தட்டையாக இருக்கிறதல்லவா, பந்து பட வேண்டியது அங்கே. மணிக்கட்டு எலும்பில் பட்டால் பந்து தன் இஷ்டத்துக்குப் போகும். வேகமாக வரும் சர்வீஸுக்குக் கையை வீசாதீர்கள். அதற்கு வேகம் ஏற்கனவே இருக்கிறது, நீங்கள் சாய்வு மட்டும் கொடுத்தால் போதும். செட்டர் உங்களுக்கு வலது பக்கம் இருந்தால் வலது தோளைக் கொஞ்சம் இறக்குங்கள். கையின் தளம் தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

ஆனால் கையைவிடக் கால் முக்கியம். பள்ளி அளவில் ஒரு சர்வீஸ் உங்களிடம் வர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதற்குள் நீங்கள் பந்துக்குப் பின்னால் போய் நின்றுவிட வேண்டும். எதிராளி பந்தைத் தட்டிய பிறகு பார்த்தால் தாமதம்தான். அவன் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறான், தோள் எங்கே பார்க்கிறது என்பதை முன்பே பாருங்கள். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் கார்ச் கிராய், ஆல்டிஸ் பெர்சின்ஸ் என்ற இரண்டே பேர்தான் பெரும்பாலும் சர்வீஸ் எடுத்தார்கள். ஒன்பது மீட்டர் அகலத்தை இரண்டு பேர்! கால் ஓடாமல் அது நடக்குமா?

இன்னொரு விஷயம், இதை உடற்கல்வி ஆசிரியர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் பந்தைக் கல் மாதிரி காற்றடித்து வைக்கிறார்கள். விதிப்படி சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோதான். அதற்கு மேல் போனால் புதுப் பிள்ளைகளின் கை சிவந்து வீங்குகிறது. அப்புறம் பந்தைக் கண்டாலே கை பின்வாங்குகிறது. பயந்த கையில் பாஸ் வராது.

சர்வீஸ் போடுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போதைய விதியில் உங்கள் சர்வீஸ் வலையில் போனாலே எதிரணிக்குப் புள்ளி. பெரும்பாலும் கோளாறு கையில் இல்லை, தூக்கிப் போடுவதில் இருக்கிறது. தினமும் இருபது தடவை பந்தைத் தூக்கிப் போட்டு, அடிக்காமல் விழ விடுங்கள். அடிக்கிற தோளுக்கு நேர் முன்னால், ஒரே இடத்தில் விழுகிறதா பாருங்கள். அது சரியான பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டிக் கையை நிறுத்துங்கள். சுழலாத பந்து காற்றில் ஆடி ஆடிப் போகும். என்னை அன்றைக்கு வீழ்த்தியது அப்படிப்பட்ட பந்துதான்.

தாவுகிறவர்கள் இறங்கும்போது இரண்டு காலிலும், முழங்காலை மடித்து இறங்குங்கள். வலையோரம் எதிராளியின் பாதத்தின் மேல் இறங்கிக் கணுக்கால் பிசகியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். முழங்கால் வலித்தால் மறைக்காதீர்கள். உடனே வந்து சொல்லுங்கள், அன்றைக்குத் தாவ வேண்டாம்.

போன வருட முகாமுக்கு ஒரு மாணவி வந்தாள். அணியிலேயே குள்ளம், ஸ்மாஷ் வராது. வீட்டுச் சுவரில் செட்டர் உயரத்துக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம் போட்டு, தம்பியைப் பந்து எறியச் சொல்லித் தினமும் அந்த வட்டத்துக்கு அனுப்பிப் பழகியிருக்கிறாள். குறுவட்டப் போட்டியில் லிபரோவாக, அதாவது பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே ஆடுபவளாக, இறங்கினாள். எதிரணி இரண்டாவது செட்டில் அவள் பக்கம் சர்வீஸ் போடுவதையே விட்டுவிட்டது. அந்தப் பிள்ளை இதோ, மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

சரி, வெயில் ஏறுகிறது. மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். பந்து எட்டுதான் இருக்கிறது, காத்திருப்பவர்கள் உட்கார வேண்டாம், சர்வீஸ் போடுபவரின் தோளைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். எழுந்திருங்கள்.