மேடைக்கு எந்தக் கணினி?

நேயர்களுக்கு வணக்கம். இசை மேடைகளில் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு மடிக்கணினி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல மேடைகளில் அது ஆப்பிளின் மேக்புக். விலை கூடுதல் என்று தெரிந்தும் ஏன் அதைத் தேடிப் போகிறார்கள்? வேகம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் வேகத்தைவிட, சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வேலையை முடிப்பதுதான் இசைக்கு முக்கியம்.

கணினி ஒலியைத் துண்டு துண்டாகத்தான் தயாரிக்கிறது. சிடி தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது ஒலியின் 44,100 அளவீடுகள். ஒரு துண்டுக்கு 128 மாதிரிகள் என்று வைத்தால், அதை முடிக்கக் கிடைக்கும் அவகாசம் 3 மில்லிவிநாடிகூட இல்லை. ஒரே ஒரு முறை தவறினாலும் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று கேட்டுவிடும். துண்டைப் பெரிதாக்கினால் கணினிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆனால் விரல் அழுத்துவதற்கும் காதில் விழுவதற்கும் இடைவெளி கூடும். 10 மில்லிவிநாடி தாமதம், ஸ்பீக்கர் சுமார் மூன்றரை மீட்டர் தள்ளி இருப்பது போலத்தான், வாசித்துவிடலாம். 40, 50 என்று போனால் தாளம் கையில் நிற்காது.

இந்தத் தேடல் புதிதல்ல. 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில், இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள உதவும் மிடி இணைப்பு உள்ளேயே இருந்தது. தனியாகக் கருவி எதுவும் வாங்காமல் மின்னணு இசைக்கருவியான சின்தசைசரை நேரே செருகலாம். இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட்டால் அதற்கு வலுவே கிடையாது. ஆனாலும் நேரம் தவறாது என்பதால் இசைக்கூடங்கள் அதை வெகுகாலம் விடவில்லை. கியூபேஸ் என்ற இசை மென்பொருள் 1989இல் முதலில் வந்ததும் அதில்தான்.

அப்புறம் ஆப்பிளின் மேக் கணினி. 1991இல் புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு அமைப்பு மேக்கில் வந்தது; இசைக்கூடங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. லாஜிக் என்ற இசை மென்பொருளை உருவாக்கிய எமேஜிக் நிறுவனத்தை ஆப்பிள் 2002இல் வாங்கி, விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. பழகிய மென்பொருளுக்காகவே மேக்குக்கு மாற வேண்டிய நிலை பலருக்கு. இது எனக்கு இன்றும் உடன்பாடில்லாத முடிவு. ஆனால் மேக்கில் ஒலியைக் கையாளும் கோர் ஆடியோ அமைப்பு உண்மையிலேயே நல்ல வேலை. கணினிக்கு ஒலியை உள்ளே வெளியே கொண்டுபோகும் கருவிகளான ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் பலவற்றைச் செருகியதும், டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) எதுவும் நிறுவாமல் ஒலி வரும்.

சரி, விண்டோஸில் முடியாதா? தாராளமாக முடியும். 1997இல், கியூபேஸை உருவாக்கிய ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த ஏசியோ டிரைவர் முறை தாமதத்தை வெகுவாகக் குறைத்தது. சிக்கல் வேறு: விண்டோஸ் மடிக்கணினிகளைப் பல நிறுவனங்கள், பல உதிரிப் பாகங்களோடு செய்கின்றன. மோசமான ஒரு வைஃபை டிரைவர் போதும், ஒலி அறுந்து அறுந்து வரும். எந்தப் பிராண்டு என்பதைவிட, உங்கள் இன்டர்ஃபேஸோடு சேர்த்துச் சோதித்தீர்களா என்பதே பெரிய கேள்வி.

மேடை ஏறும் முன் வைஃபையையும் தானியங்கிப் புதுப்பித்தலையும் அணைத்துவிடுங்கள். பேட்டரியை நம்பாமல் மின்சாரத்தில் செருகுங்கள். முழு நிகழ்ச்சியையும் அதே கணினியில், அதே கேபிள்களோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பெரிய நிகழ்ச்சிகளில் இரண்டு கணினிகள் ஒன்றாகவே ஓடும். ஒன்று நின்றால் அடுத்தது உடனே எடுத்துக்கொள்ளும். வசதி இருந்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். நன்றி, வணக்கம்.