இலவு காத்தவன்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பறவைகளையும் காட்டுப் பூக்களையும் படமெடுப்பது பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து அழைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படம் காட்ட வழியில்லாத இடத்தில் படத்தைப் பற்றி என்ன பேசுவது? சமையல் குறிப்பு என்றாலாவது கேட்டுவிட்டு வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. விடியற்காலையில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புகிற எனக்கு முதல் முக்கால் மணி நேரம் கண்ணால் எந்த உதவியும் கிடையாது. எல்லாம் காதுதான். அப்படியானால் வானொலியில் இதைப் பேசுவதில் தப்பில்லை என்று வந்துவிட்டேன்.

நான் மேலூர்ப் பக்கத்துக்காரன். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். மாசி பிறந்ததிலிருந்து சித்திரை பாதி வரைக்கும் வாரத்தில் நான்கு நாளாவது ஐந்து மணிக்கு எழுந்து, ஊருக்கு வெளியே இருக்கும் கண்மாய்க் கரைக்குப் போய்விடுவேன். வசந்தம் என்றதும் பச்சைப் புல்வெளியும் பனி உருகும் மலையும் நினைவுக்கு வந்தால் அது காலண்டர் படங்கள் செய்த வேலை. எங்கள் பக்கத்து வசந்தம் காய்ந்த வசந்தம். அறுவடை முடிந்த வயல் வெடிப்பு விட்டுக் கிடக்கும். கண்மாய்த் தண்ணீர் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கியிருக்கும். பல மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். அந்த மொட்டைக் கிளையில்தான் பூ வரும். பஞ்சாங்கக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம், இளவேனில் சித்திரையில்தான் தொடங்க வேண்டும். எங்கள் கரையில் நிற்கும் இலவ மரத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தை கடைசியில் அரும்பு கட்டி, மாசியில் உச்சி முதல் அடி வரை சிவந்துவிடும். முள்ளிலவு என்கிறோமே, அந்த மரம்.

கரையில் ஏறும்போது நல்ல இருட்டு. பாம்புக்குப் பயந்து பாதையில் மட்டும் டார்ச் அடிப்பேன், மரத்தடி வந்ததும் அணைத்துவிடுவேன். முதல் முறை அப்படி உட்கார்ந்தபோது பின்னால் யாரோ நடந்து வருவது போலப் 'பொத்' என்றது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் 'பொத்'. முதுகு சில்லிட்டுப் போனது. அப்புறம்தான் புரிந்தது, இலவம் பூ இதழ் இதழாக உதிர்வதில்லை, முழுப் பூவாக விழும். உள்ளங்கை அளவுக்குச் சதைப்பற்றுள்ள பூ. அது சருகின் மேல் விழுந்தால் வேறெப்படிச் சத்தம் வரும்?

இருட்டில் முதலில் பேசுவது கரிச்சான். இரட்டைவால் குருவி என்றும் சொல்வோம். சேவலுக்கு முன்னால் இது தொடங்கிவிடும். மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை பாடக் கேட்கிறோமே, அதில் வரும் ஆனைச்சாத்தன் இந்தப் பறவைதான் என்று உரைக்காரர்கள் சொல்வதுண்டு. அடுத்தது புதருக்குள்ளிருந்து செம்போத்து, காலிக் குடத்துக்குள் ஊதுவது போல 'கூப், கூப்' என்று. அப்புறம் குயில். ஒவ்வொரு கூவலுக்கும் சுருதி ஒரு படி ஏறி, இனி ஏற இடமில்லை என்றானதும் சட்டென்று நிற்கும். கூவுவது கறுப்பு நிற ஆண். பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண்ணின் குரல் வெறும் 'கிக்கிக்கிக்' தான். கவிஞர்கள் மன்னிக்க வேண்டும்.

இத்தனையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், வெளிச்சம் வரும்போது யார் எந்தக் கிளையில் இருக்கிறார்கள் என்று எனக்கு ஏறக்குறைய ஒரு வரைபடம் தயாராகிவிடும். விடிந்த பிறகு வந்து அங்கும் இங்கும் நடந்து தேடுகிறவருக்குப் பறந்து போகும் பறவையின் முதுகுதான் கிடைக்கும். காலை நடை என்று பேர், ஆனால் நான் நடப்பது மொத்தம் அரை கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.

காதை நம்பி ஏமாந்ததும் உண்டு. செம்மார்புக் குக்குறுவான் என்று ஒரு பறவை. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது, உடம்பு பச்சை, நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு. பாத்திரக்காரர் பித்தளைக் குடத்தைச் சீராகத் தட்டுவது போல 'டொங்க், டொங்க், டொங்க்' என்று நிறுத்தாமல் கூப்பிடும். சத்தம் அரச மரத்தின் வலப்பக்கம் கேட்கும், போய் நின்றால் இடப்பக்கம் கேட்கும். கூப்பிடும்போதே தலையை இங்கும் அங்கும் திருப்புவதால் வரும் குழப்பம் இது. மூன்று வருடம் அதன் வாலைக்கூட நான் படமெடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் தற்செயலாகத்தான் தெரிந்தது, முதல் வெயில் விழும்போது அது உச்சியில் இருக்கும் பட்ட கிளைக்கு வந்து குளிர் காயும். பத்து நிமிடம் அசையாது. இப்போது அந்தப் பட்ட கிளைக்கு எதிரே போய் நின்றுகொள்கிறேன், அவ்வளவுதான் ரகசியம்.

இலவ மரத்துக்கு வருகிறேன். 'இலவு காத்த கிளி' என்று பழமொழி சொல்கிறோம். காய் பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்குக் கடைசியில் பஞ்சுதான் மிச்சம். அந்தக் கிளி இரண்டு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும். பூத்திருக்கும் இலவைக் காத்த நான் ஒரு நாளும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. பூவின் அடியில் தேன் தளும்பும். மைனா, காகம், கரிச்சான், அணில் என்று ஊரே வந்து குடிக்கும். குளிர்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து வந்த சூறைக்குருவிகள் சித்திரையில் மத்திய ஆசியப் பக்கம் திரும்புவதற்கு முன் கூட்டம் கூட்டமாக இறங்கும். கறுப்புத் தலை, ரோஜா நிற உடம்பு, அதில் மகரந்தம் மஞ்சளாக அப்பியிருக்கும். சண்டையும் கூச்சலும் சந்தைக் கடை தோற்றது.

ஆனால் எனக்குப் பிடித்தது ஊதாத் தேன்சிட்டு. பத்து கிராம்கூட எடை இருக்காது. மற்றக் காலத்தில் ஆணும் பெண்ணைப் போல மங்கலாக, கழுத்திலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் போட்டுக்கொண்டு திரியும். இணை தேடும் பருவத்தில் முழுக்க மாறிவிடும். நிழலில் பார்த்தால் கரித்துண்டு. வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து அதன் மேல் விழுந்தால் ஊதாவும் நீலமும் பச்சையும் மின்னும். அந்த நிறம் சாயம் கிடையாது, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவது. ஆகவே கோணம் மாறினால் நிறம் போச்சு. நான் கிழக்கே முதுகைக் காட்டி, மரத்துக்குக் கிழக்குப் பக்கம் உட்காருவது இதற்காகத்தான்.

பங்குனித் தொடக்கத்தில் எங்கள் பக்கம் சூரியன் உதிக்க ஆறரை ஆகிவிடும். சித்திரைப் பிறப்பின்போது ஆறே முக்காலெல்லாம் நல்ல வெயில். எப்படியானாலும் எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். வெயில் ஏறியதும் நிழல் கறுத்து, பூ வெளுத்துத் தெரியும் என்பது ஒரு பக்கம். இன்னொன்று, பலர் கவனிக்காதது, கானல். தரை சூடானதும் காற்று நெளியத் தொடங்குகிறது. தூரத்துப் பறவையை நீள லென்சில் எடுத்தால் படம் கலங்கலாக வரும். லென்ஸ் பழுது என்று நினைத்து நான் ஒருமுறை அதைப் பழுது பார்க்கக் கொடுத்து, அவர்களும் நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பித் தந்தார்கள். பழுது லென்சில் இல்லை, நான் ஒன்பது மணிக்குப் படமெடுத்ததில் இருந்தது.

கேமராவில் என்ன வைக்க வேண்டும் என்று கேட்பார்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1/1000-க்குக் குறையக் கூடாது. கறுத்த தண்ணீருக்கு முன்னால் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுத்தால் வெளிச்சத்தை ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இறகெல்லாம் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். மற்றதைப் பழகப் பழகக் கை சொல்லிக்கொடுக்கும். இன்னும் விலை கூடிய கேமரா இருந்தால் என்று எனக்கும் ஆசை வருவதுண்டு. அப்போது மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்வேன். 1912-இல் பிறந்து 1996 வரை வாழ்ந்தவர், எழுத்தாளர் மாதவையாவின் மகன், தமிழில் காட்டுயிர் பற்றி எழுதியவர்களில் முன்னோடி. பல கேமராக்களின் பாகங்களைத் தானே சேர்த்துக் கட்டிய ஒரு கேமராவை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில், யானை மேல் உட்கார்ந்தெல்லாம் படமெடுத்தார். அதற்கு மேல் என் கேமராவைக் குறை சொல்ல வாய் வராது.

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மாம்பழச்சிட்டு என்று மஞ்சளும் கறுப்புமாக ஒரு அழகான குருவி. இலைக்குள்ளேயே இருக்கும், குரல் மட்டும் சீழ்க்கை போல நீளமாக வரும். ஒரு பங்குனிக் காலையில் பொறுமை இழந்து, அதே குருவியின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டேன். ஆண் உடனே வெளியே வந்தது. அருமையான படம். ஆனால் அது போகவில்லை. தன் இடத்துக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டதாக நினைத்து, சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கிளைக்குக் கிளை தேடியது. நான் நிறுத்திய பிறகும் அரை மணி நேரம் தேடியது. இரை எடுக்க வேண்டிய, இணைக்குப் பாட வேண்டிய நேரம் முழுக்க இல்லாத எதிரிக்குப் போனது. அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டுவதில்லை. காது கொடுத்துக் கேட்கப் போன இடத்தில் நான் சத்தம் போட்டிருக்கக் கூடாது.

கூடுகளும் அப்படித்தான். ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவில், பெரும்பாலும் நான்கு முட்டை இடும். மண்ணுக்கும் முட்டைக்கும் வித்தியாசமே தெரியாது. ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்க வேண்டும். பகல் வெயிலில் அதன் பாடு முட்டையைச் சூடாக்குவது கிடையாது, சுட்டுப்போகாமல் காப்பது. தண்ணீருக்கு ஓடி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். நாம் ஒரு பத்து நிமிடம் படமெடுக்க நின்றால் அது எழுந்து கத்திக்கொண்டே சுற்றும், முட்டை வெயிலில் கிடக்கும். ஆளைக் காட்டிக்கொடுப்பதால் ஆள்காட்டி என்று பேர் வைத்திருக்கிறோம். அது தலைக்கு மேல் வந்து கத்தினால் அர்த்தம் ஒன்றுதான்: நான் நிற்கும் இடம் சரியில்லை, பின்வாங்க வேண்டும்.

பூக்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை, ஆனால் அவற்றுக்கும் நேரம் உண்டு. விஷ்ணுகிரந்தியைப் பார்த்திருப்பீர்கள், மிதித்துக்கொண்டே போயிருப்பீர்கள். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீலப் பூ. காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். தரையோடு தரையாகப் படுத்தால்தான் படம் வரும், எழும்போது முட்டி சத்தம் போடும். நெருஞ்சி சூரியன் பக்கமே முகத்தைத் திருப்பும் என்பதை நம் முன்னோர் எப்போதோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். துத்தியைக் காலையில் தேடிப் பயனில்லை, அது பிற்பகலில் மலர்வது. எருக்கம் பூவில் கருவண்டு போலப் பெரிய தச்சுத்தேனீ வந்து அமரும், பக்கத்து இலையில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு மேய்ந்துகொண்டிருக்கும். உண்ணிச்செடியும் வண்ண வண்ணமாகப் பூத்துக் கிடக்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காட்டை அடைத்துக்கொண்ட செடி அது. பட்டாம்பூச்சி அதில் உட்காரும்போது எடுக்காமல் இருக்கவும் மனம் வருவதில்லை.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனி எனக்கு உதவி. தட்டான் உடம்பெல்லாம் பனித்துளியோடு புல்நுனியில் தொங்கும், வெயில் பட்டு உடம்பு சூடேறும்வரை பறக்க முடியாது. பக்கத்தில் போய் நிதானமாக எடுக்கலாம். பங்குனி நடுவில் பனி நின்றுவிடும், அந்த வாய்ப்பும் போய்விடும்.

மேலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்த ஊர். பாறைக்குன்றுகளில் லகர் வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகள் வருவதால் வெளியூரிலிருந்தும் பெரிய லென்சோடு வருகிறார்கள். நானும் போவேன். ஆனால் அங்கே போக முடியாதவர்களுக்குச் சொல்கிறேன், உங்கள் தெருவில் ஒரு வேப்ப மரம் இருக்கும். சித்திரையில் அது பூக்கும். ஐந்தரைக்கு மொட்டை மாடிக்குப் போய் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். முதல் வாரம் கேமரா வேண்டாம்.

எங்கள் கரையில் ஆடு மேய்க்கும் ஆத்தா ஒருவர் இருக்கிறார். எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். அறுபது தாண்டிய என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். "என்ன தம்பி, வீட்டுல வெரட்டி விட்டுட்டாகளா, விடியாமயே இங்க வந்து குத்தவச்சிருக்கீக?" என்று முதல் வருடம் கேட்டார். இப்போது ஆள்காட்டி எங்கே முட்டை வைத்திருக்கிறது என்று அவரே சொல்லி, ஆட்டை அந்தப் பக்கம் விடாமல் திருப்பிக்கொண்டு போகிறார். போன மாசியில் தேன்சிட்டின் நல்ல படம் ஒன்று விழுந்தது. இலவம் பூ மேல் உட்கார்ந்து, கழுத்தெல்லாம் ஊதாவாக மின்ன, வாயைத் திறந்து கூப்பிடும் நேரத்தில் எடுத்தது. பெருமை தாங்காமல் கேமராவின் சின்னத் திரையில் ஆத்தாவிடம் காட்டினேன். கையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. வாயத் தொறந்திருக்கு, சத்தத்தக் காணமே?" என்றார்.

வணக்கம்.