பாட்டோடு வரும் படம் எங்கிருந்து வருகிறது?

[திரையில்: காரின் மியூசிக் சிஸ்டத்தில் ஒரு பென் டிரைவ் செருகப்படுகிறது]

வணக்கம். இது அப்பாவின் பழைய பென் டிரைவ். இருநூறு பாட்டுக்கு மேல் இருக்கும். எல்லாம் நன்றாகத்தான் பாடுகிறது. ஆனால் எதைப் போட்டாலும் பாடகர் பெயர் வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு டவுன்லோடு தளத்தின் முகவரி ஓடுகிறது. படமும் அவர்கள் லோகோதான். கார் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்வதில்லை. ஃபைலுக்குள் யாரோ எழுதி வைத்ததை அப்படியே ஒப்பிக்கிறது.

எம்பி3 வந்த புதிதில் பாட்டின் பெயரை எழுத அதில் இடமே இல்லை. 1996-இல் எரிக் கெம்ப் என்பவர் ஃபைலின் வாலில் 128 பைட் ஒட்டும் வழியைக் கொண்டுவந்தார். அதுதான் ஐடி3 டேக். தலைப்புக்கு 30 பைட், பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு ஒன்றே ஒன்று. மீதி மூன்று, ‘இங்கே டேக் இருக்கிறது’ என்பதற்கான அடையாளம்.

[திரையில்: முப்பது கட்டங்கள். ‘மழைக்காலம்’ என்ற சொல் ஒவ்வொரு குறியாக நிரம்புகிறது]

அந்த 30-இல் தமிழ் எவ்வளவு அடங்கும்? எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் கணக்கு. மழைக்காலம் என்று எழுதுங்கள். நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் பத்துக் குறி. முப்பதும் காலி!

1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு டேக்கை ஃபைலின் தலைக்குக் கொண்டுபோனது. நீளக் கட்டுப்பாடு கிட்டத்தட்டப் போயிற்று. ஜேபெக் படத்தையே உள்ளே வைக்கலாம். படம் எந்த வகை என்று எண்ணும் போட வேண்டும்: 3 என்றால் முன் அட்டை, 4 பின் அட்டை. 17 என்ன தெரியுமா? ‘பளிச்சென்ற நிறத்தில் ஒரு மீன்’. விளையாட்டில்லை, விதிமுறையிலேயே இருக்கிறது.

எழுத்து எந்த முறையில் இருக்கிறது என்பதையும் டேக் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பிளேயர் தமிழை ஐரோப்பிய எழுத்தாக வாசித்துவிடும். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘a’ வரிசை வரிசையாக வருமே, அதற்குக் காரணம் இதுதான்.

சரி, உள்ளே படமே இல்லையென்றால்? பல பிளேயர்கள் அதே ஃபோல்டரில் ‘கவர்’ அல்லது ‘ஃபோல்டர்’ என்ற பெயரில் படம் கிடக்கிறதா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால் சில பிளேயர்கள் இணையத்துக்குப் போகும்.

அப்படி இணையத்தில் தேடும் பழக்கம் சிடி காலத்தில் வந்தது. பெரும்பாலான ஆடியோ சிடிகளில் பாட்டின் பெயர் கிடையாது. ஒவ்வொரு பாட்டும் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு மட்டும், ஒரு விநாடியை 75-ஆகப் பிரித்து, பதிவாகியிருக்கும். அந்தக் கணக்கையே சிடியின் கைரேகையாக வைத்துத் தேடியது சிடிடிபி என்ற இணையத் தரவுத்தளம். அதில் பெயர்களைத் தட்டச்சு செய்தவர்கள் சம்பளம் வாங்காத ரசிகர்கள். பின்னால் அது கிரேஸ்நோட் என்ற வணிக நிறுவனமானது. தட்டச்சு செய்து கொடுத்தவர்களுக்கு வந்த கோபம் நியாயமானது என்றே நான் சொல்வேன். இன்று அதுபோல எல்லாருக்கும் திறந்த நிலையில் இருக்கும் தரவுத்தளம் மியூசிக்பிரெயின்ஸ். அட்டைப் படங்களுக்கு, இன்டர்நெட் ஆர்க்கைவோடு சேர்ந்து 2012-இல் அது தொடங்கிய கவர் ஆர்ட் ஆர்க்கைவ் இருக்கிறது.

உண்மையிலேயே பாட்டைக் கேட்கும் வழியும் உண்டு. அகூஸ்ட்ஐடி தளத்தின் குரோமாபிரின்ட் என்ற மென்பொருள் வழக்கமாக முதல் இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொள்ளும். ஸ்தாயியைக் கணக்கில் எடுக்காமல் எல்லா ஒலியையும் 12 சுரத்தானங்களுக்குள் மடக்கி, எது எப்போது ஓங்குகிறது என்று குறித்துக்கொள்ளும். ஃபைல் பெயர் குப்பையாக இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் அந்தப் பாட்டை முன்பே யாராவது பெயரோடு சேர்த்திருக்க வேண்டும்.

[திரையில்: மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டு மென்பொருள்]

அப்பாவின் பாட்டுகளை பிக்கார்டில் போட்டேன். பாதிக்குப் பெயர் கிடைத்தது. மீதியை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வரி கேட்டதுமே சொல்ல, நான் தமிழில் தட்டினேன். பழைய கார் சிஸ்டங்களுக்காக ஐடி3-இன் 2.3 பதிப்பில் சேமித்துவிட்டு, அப்புறம் காரில் செருகினேன். படங்கள் ஜோராக வந்தன. பெயர்கள் மட்டும் கட்டம் கட்டமாக.

காரில் தமிழ் எழுத்துரு இல்லை.