திருடனுக்குத் தேள் கொட்டினால்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இணைய விளையாட்டில் ஏமாற்றுவதால் அதிக ஆபத்து யாருக்கு, எதிரில் ஆடுபவருக்கா, ஏமாற்றுபவருக்கா என்பது இன்றைய வழக்கு. ஏமாற்றுபவருக்கே என்பது என் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், சுவருக்குப் பின்னால் மூச்சடக்கி ஒளிந்திருந்தவனையும் வால்ஹேக் என்கிற, சுவரை ஊடுருவிக் காட்டும் மென்பொருள் வைத்திருப்பவன் பார்த்துச் சுட்டுவிடுகிற கொடுமையை உருக்கமாகச் சொன்னார். குரல் தழுதழுத்ததைப் பார்த்தால் சொந்த அனுபவம் போலிருக்கிறது. நான் மறுக்கவில்லை அம்மா. ஆனால் சுடப்பட்டவன் இழந்தது ஓர் ஆட்டம். கொஞ்சம் திட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவான். சுட்டவன் கதி என்ன ஆயிற்று என்று நீங்கள் சொல்லவே இல்லையே!

நான் சொல்கிறேன். ஒரு பையன் எய்ம்பாட் தேடுகிறான். குறி பார்க்கிற வேலையை நமக்குப் பதிலாகச் செய்துகொடுக்கும் மென்பொருள் அது. 'முற்றிலும் இலவசம், பிடிபடவே மாட்டீர்கள்' என்று ஒரு வீடியோ. கீழே ஓர் இணைப்பு. சொடுக்கினால் ஜிப் கோப்பு ஒன்று இறங்குகிறது. அதைத் திறக்க பாஸ்வேர்டு 1234. ஊருக்கே தெரிந்த பாஸ்வேர்டு எதற்கு? உள்ளே இருப்பதை வழியில் எந்தப் பாதுகாப்புச் சோதனையும் பிரித்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்கு. திறந்தால் ஒரு குறிப்பு: 'முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும். பிறகு அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கவும்.'

நடுவர் அவர்களே, 'ஐயா, நாயைக் கட்டிப்போட்டுவிட்டு பீரோ சாவியைத் திண்ணையில் வையுங்கள், இருட்டியதும் வருகிறேன்' என்று எந்தத் திருடனாவது வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுவானா? இங்கே எழுதுகிறான். வீட்டுக்காரரும் நாயைக் கட்டுகிறார்!

இது என் கற்பனை என்று எதிரணி சொல்லக்கூடும். 2022-இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டதைப் படியுங்கள். ரெட்லைன் என்ற தகவல் திருடும் மென்பொருள், விளையாட்டு ஹேக் என்ற பெயரில் யூடியூப் வீடியோக்கள் வழியாகப் பரவியது. உலாவியில் சேமித்துவைத்த பாஸ்வேர்டுகள், அட்டை எண்கள், குக்கீகள் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். குக்கீதானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான அடையாளச் சீட்டு அது. அது கையில் இருந்தால் திருடனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், பல இடங்களில் ஓ.டி.பி.யும் வேண்டாம். இதில் உச்சம் எது தெரியுமா? அதோடு சேர்ந்து இறங்கிய நிரல்கள், ஏமாந்தவனின் யூடியூப் சேனலிலேயே அதே தூண்டில் வீடியோவைப் பதிவேற்றின. மீனைப் பிடித்து, அந்த மீனையே புழுவாக மாட்டி அடுத்த மீனைப் பிடிக்கிற வித்தை!

ஒரு விளையாட்டுக் கணக்கு போனால் இன்னொன்று தொடங்கிக்கொள்வான் என்றார் அம்மையார். அவ்வளவு எளிதா? கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில், ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் 'வேக்' அமைப்பு போடுகிற தடை நிரந்தரமானது. சுயவிவரப் பக்கத்தில், வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படும்படி அது நிற்கும். சில விளையாட்டுகள் கணக்கோடு நிறுத்தாமல் கணினியையே அடையாளம் கண்டு தடுக்கின்றன. அண்ணன் செய்த வேலைக்கு, அதே கணினியில் ஆடுகிற தங்கைக்கும் கதவு சாத்தப்படுகிறது. அன்றைக்கு வீட்டில் நடக்கிற ஆட்டத்தை எந்த எய்ம்பாட்டாலும் ஜெயிக்க முடியாது.

பெரிய மேடைக்கு வருவோம். 2018 அக்டோபரில் ஷாங்காயில் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் போட்டி நடந்தது. ஆப்டிக் இந்தியா அணியின் ஆட்டக்காரர் ஒருவர் மீது சந்தேகம் வந்து, நடுவர்கள் அவருடைய கணினியைச் சோதிக்க வந்தார்கள். அவர் அவசர அவசரமாக ஏமாற்று மென்பொருள் இருந்த கோப்பை அழிக்கப் பார்த்தார். அந்தக் கோப்புக்கு, கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருளின் பெயரான 'வேர்ட்' என்று பெயர். துப்பாக்கிச் சண்டைக்கு நடுவில் யார் கடிதம் தட்டச்சு செய்யப் போகிறார்கள்? அணி வெளியேற்றப்பட்டது, பிறகு கலைக்கப்பட்டது. மற்ற நால்வருக்கும் நஷ்டம்தானே என்று எதிரணியில் ஒருவர் இப்போதே குறிப்பெடுக்கிறார். எடுங்கள் ஐயா, நஷ்டம்தான். ஆனால் ஐந்தாண்டுத் தடை யார் தலையில் விழுந்தது என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவரின் கை மணிக்குப் போகிறது, முடித்துவிடுகிறேன். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வி. தோற்றவன் தன் தோல்வியைப் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் புலம்பலாம். பாஸ்வேர்டு பறிபோன நம் பையன், கணக்கை மீட்டுத் தரச் சொல்லி அந்த விளையாட்டு நிறுவனத்துக்கே எழுத உட்காருகிறான். 'கடைசியாக எந்த மென்பொருளை நிறுவினீர்கள்?' என்று ஒரு கட்டம் வருகிறது. அதில் அவன் என்ன எழுதுவான்?