இருண்டதெல்லாம் பேய்

(சென்னை திருவல்லிக்கேணியில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளர் தம்பி அவர்களே (போன கூட்டத்தில் நான் வேறொருவருக்குப் போர்த்திய அதே பொன்னாடை, பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது), மைக் செட்காரரே, காபி வருமென்று நம்பி உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

மட்டமான ராட்சதப் படங்களைக் கேலி செய்யும் ஒரு கதை விளையாட்டைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப் போகிறேன்: விளையாட்டு என்ன, சிரிப்பு ஏன், செலவு எவ்வளவு.

1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். ஒருவர் கதை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். அதில் எல்லோரும் வீரர்கள். 1989ல் ‘இட் கேம் ஃப்ரம் தி லேட், லேட், லேட் ஷோ’ என்று ஒன்று வந்தது. அதில் நீங்கள் வீரர் இல்லை, மட்டமான ராட்சதப் படத்தில் வீரனாக நடிக்க வந்த நடிகர்!

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அரளாதவன் கண்ணுக்குப் பேயின் முதுகில் ஜிப் தெரியும். 1954ல் ஜப்பானியப் படத்தில் காட்ஜில்லா என்ற ராட்சத மிருகத்தின் உடைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தவர் ஹருவோ நகாஜிமா என்ற நடிகர். நமக்கோ மாயாஜாலப் பட இயக்குநர் விட்டலாச்சார்யா இருந்தார். தன் காலையே அடுப்பில் விறகாக வைத்த பேயைப் பார்த்து அலறிவிட்டு, மறுநாள் அதையே நடித்துக் காட்டியவர்கள்தானே நாம்?

எங்கள் மொட்டை மாடியில் பசங்கள் தாயக்கட்டையை வைத்துக்கொண்டு இதை ஆடினார்கள். கூவத்திலிருந்து நாற்பது அடிக் கரப்பான் எழுந்து நேப்பியர் பாலத்தில் ஏறுகிறது. ராணுவம் தோற்றது, விஞ்ஞானி மாமா மயங்கினார். “கரப்பான், ஓடுங்கடா!” என்று ஒருவன் கத்த, கீழ்வீட்டுப் பாட்டி மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“எந்த ரூம்லடா?”

விஷயத்தைச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். “இதுக்கா இத்தனை கூச்சல்? பாலத்துக்குக் குறுக்கே கரப்பான் சாக்பீஸால கோடு போடு.”

“அவ்வளவு சாக்பீஸுக்கு எங்கே போறது பாட்டி?”

“ரேஷன்ல கொடுக்கச் சொல்லு.”

பன்னிரண்டு விழுந்தால் நினைத்தது நடக்கும் என்பது பசங்கள் வைத்த விதி. பாட்டி கட்டையை உருட்டினார். பன்னிரண்டு! கரப்பான் மல்லாந்தது. அப்புறம் பாட்டி இல்லாமல் ஆட்டமே தொடங்குவதில்லை.

சரி, மழை வந்தால் இவர்கள் எங்கே போவார்கள்? ஒரு கிளை நூலகத்தில் ஞாயிறு மாலை ஒரு மேஜை கேட்டோம். பகடையைப் பார்த்ததும் “சூதாட்டம்” என்றார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! 1948லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் இது. இன்றும் சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோம். கட்டுகிறவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு மேஜை கிடையாதா? வார்டு உறுப்பினர் அம்மா தலையாட்டுகிறார், எல்லோரும் சாட்சி.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார், செலவுக் கணக்கை இன்னொரு நாள் பார்ப்போம். நூலகத்தில் மேஜை கேட்கும் மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபிக்குப் போங்கள். நன்றி, வணக்கம்.