ஆறப் பொறுக்காத அவசரம்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த முதலாளி அவர்களே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. இதோடு வீட்டில் பதினாலு சேர்ந்துவிட்டது. அடுத்த முறை ஒரு துண்டு கொடுங்கள், முகம் துடைக்கவாவது ஆகும்.

முப்பது வருஷம் பச்சிளம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். பிறந்ததும் வந்து, சில நாளில் போய்விடும் மூச்சுத் திணறல் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்: அது ஏன் வருகிறது, வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது, பாலை எப்போது தொடங்குவது. மூன்றுக்கும் ஒரே பழமொழிதான்: ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டாமா?

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, தண்ணீர்தான். 'பனிக்குடத் தண்ணியைக் குடிச்சிடுச்சு' என்பார்கள் வார்டு வாசல் பாட்டிகள். அப்படியல்ல, அந்த நீரை நுரையீரலே சுரக்கிறது. இடுப்புவலி கண்டதும் குழந்தையின் உடம்பில் அட்ரினலின் ஏறும், சுரந்துகொண்டிருந்த நுரையீரல் உறிஞ்ச ஆரம்பிக்கும். வலி வருமுன்னே வயிற்றைத் திறந்து எடுத்தால் அந்த வேலை அரைகுறையாக நிற்கிறது. நிமிஷத்துக்கு 40 முதல் 60 வரை இருக்க வேண்டிய மூச்சு 80, 100 என்று ஓடுகிறது. சுகப்பிரசவத்திலும் இது வரலாம்; வலி காணாத சிசேரியனில் அதிகம், 39 வாரம் நிறையாவிட்டால் இன்னும் அதிகம். பெரும்பாலும் மூன்று நாளுக்குள் வடிந்துவிடும்.

ஒரு தாத்தா கதை சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். பேரனுக்கு ஜோசியர் குறித்த நேரம் காலை 6.10 முதல் 6.40. மருமகளுக்கு 37 வாரம் முடிந்து இரண்டு நாள். டாக்டரம்மா இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுக்கச் சொன்னார். தாத்தா கேட்கவில்லை, 'அப்போ வேற ஆஸ்பத்திரி பாத்துக்கிறோம்' என்றார். சரி, தியேட்டர் கடிகாரத்தில் 6.22க்குக் குழந்தை அழுதது. பத்து நிமிஷத்தில் முனகல் ஆரம்பம். மூக்கு விடைக்கிறது, விலாவுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது. எண்ணினேன், 84. ஆக்சிஜன் கூண்டு வைத்து, டிரிப் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். கண்ணாடியைத் தட்டுகிறார் தாத்தா.

'சிஸ்டர், 6.22ஆ, 6.23ஆ?'

'ஐயா, குழந்தைக்கு மூச்சு வாங்குது.'

'அதைச் சாமி பாத்துக்கும். நிமிஷத்தைச் சொல்லும்மா.'

பின்னாலிருந்து பாட்டி போட்டார் ஒரு போடு: 'ஒம்பது மாசம் ஆக்கப் பொறுத்தீரு, ஆறப் பொறுக்கலையே!'

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்தத் தியேட்டர் கடிகாரம் கால் மணி நேரம் வேகம். எங்கள் எல்லோருக்கும் தெரியும்; சரிசெய்யத்தான் ஆளில்லை. அப்படியானால் பேரன் பிறந்தது 6.07. தாத்தாவிடம் நான் சொல்லவில்லை. அவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் மன்னிக்கணும். மூன்றாம் நாள் காலை மூச்சு 52க்கு இறங்கியது, பையன் அம்மா மார்பைப் பிடித்துக்கொண்டான்.

வட்டார மருத்துவ அலுவலர் முன்னால் புள்ளிவிவரம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்தியா முழுக்க 21.5. நஞ்சுக்கொடி சரிந்தால், குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கினால் கத்திதான் காப்பாற்றும், அதற்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். என் சண்டை பஞ்சாங்கம் பார்த்து வைக்கிற கத்தியோடு மட்டும்.

இரண்டாவது விஷயம். துணியை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். பச்சைப்பிள்ளை ஐந்து, பத்து நொடி மூச்சை நிறுத்தி மறுபடி விடும். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள். அப்போதும் வந்தால், இல்லை முனகினால், நீலம் பாய்ந்தால், 108. நீரா கிருமியா என்று முதல் நாளில் டாக்டராலேயே அடித்துச் சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்தில் ஆறப் பொறுக்காதீர்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். பால் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு. வாசலில் நோட்டு வைத்திருக்கிறேன். மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரத்துக்கு முன் செய்வதில்லை என்று இந்த வட்டாரத்து ஆஸ்பத்திரிகள் பலகை மாட்ட வேண்டும் என்ற மனு அது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன். போன கூட்டத்தில் ஒன்று காணாமல் போய்விட்டது.