லைன்மேனா ஆடினவர் காலேஜ் கோச் ஆகறது எப்படி?

அடுத்த கேள்வி. "அமெரிக்கன் ஃபுட்பால்ல லைன்மேனா ஆடினவருக்குக் காலேஜ்ல கோச் வேலை நேரா கிடைச்சுடுமா? ஆடத் தெரிஞ்சவருக்குச் சொல்லிக் குடுக்கவும் வரும்தானே?"னு கேட்டிருக்கீங்க.

லைன்மேன்னா ஆட்டம் தொடங்கற கோட்டுல முன்வரிசையில நின்னு எதிராளியோட மோதறவர். அவருக்குக் கோச் வேலை நேரா கிடைக்கறது அபூர்வம். மரியோ கிறிஸ்டோபாலை எடுத்துக்குங்க. மயாமி யுனிவர்சிட்டிக்கு அஃபென்சிவ் டேக்கிளா, அதாவது பந்து வெச்சிருக்கற அணியோட முன்வரிசையில ஓரத்துல நிக்கறவரா ஆடி, 1989லயும் 1991லயும் தேசிய சாம்பியன் ஆன டீம்ல இருந்தவர். அப்புறம் ஐரோப்பாவுல இருந்த ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் டீமுக்கு புரொஃபஷனலா ஆடினார். அப்படிப்பட்டவரே 1998ல அதே மயாமியில கிராஜுவேட் அசிஸ்டென்டாத்தான் சேர்ந்தார். அதாவது மேல்படிப்பு படிச்சுக்கிட்டே எடுபிடி கோச். எதிரணியோட வீடியோவை ஒவ்வொரு ஆட்டமா பிரிச்சுக் குறிக்கணும், அவங்க ஆட்டத்தை அட்டையில வரைஞ்சு பயிற்சியில தூக்கிக் காட்டணும். சம்பளம் சொற்பம். அதுக்கப்புறம் ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி, மறுபடி மயாமி, 2007லதான் ஃப்ளோரிடா இன்டர்நேஷனல் யுனிவர்சிட்டியில தலைமை கோச். முதல் வருஷம் 1 வெற்றி, 11 தோல்வி. 2012 முடிவுல அங்க வேலை போச்சு. அலபாமாவுல லைன் கோச்சா இருந்துட்டு, ஒரிகான் போய்த்தான் திரும்பவும் தலைமை கோச் ஆனார்.

இப்ப ரெண்டாவது கேள்வி. இதுலதான் நிறைய பேர் வழுக்கறாங்க. பத்து வருஷம் ஆடினவருக்கு உடம்பு தானா செய்யும், எப்படிச் செய்யுதுன்னு கேட்டா வாய்ல வராது. "கீழ இரு, கீழ இரு"ன்னு கத்துவார். பதினெட்டு வயசுப் பையன் என்ன பண்ணுவான்? முழங்காலை மடக்காம இடுப்பை வளைச்சுக் குனிவான். தலை முன்னால போயிடும், எதிராளி கையைத் தட்டிவிட்டா முகம் குப்புற விழுவான். இதுக்குத்தான் ஷூட்னு தாழ்வான கூரை வெச்ச இரும்புக் கூண்டு இருக்கு. அதுக்குள்ள ஓட விட்டா, நிமிர்ந்தா தலை இடிக்கும். ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு அடி அகலப் பலகை போட்டீங்கன்னா, கால் ஒண்ணோட ஒண்ணு நெருங்கவே முடியாது.

பாஸ் பிளாக்கிங்கும், அதாவது பந்தை எறியற குவாட்டர்பேக்கைக் காப்பாத்த எதிராளியைத் தடுக்கறதும், அப்படித்தான். டேக்கிள் வெளிக்காலைப் பின்னால வெச்சு, உள்காலை இழுத்துச் சேர்க்கணும், ஆனா கால் ரெண்டும் முட்டக்கூடாது. முதல் அடி பெருசாப் போச்சுன்னா உள்பக்கம் கதவைத் திறந்து விட்ட மாதிரி, எதிராளி அந்த வழியா குவாட்டர்பேக்கைப் பிடிச்சுடுவான். கை எதிராளியோட நெஞ்சுக்குள்ள போகணும். தோளுக்கு வெளிய போனா சட்டையைப் பிடிக்க வேண்டி வரும், அது ஹோல்டிங்ங்கற தப்பு, தண்டனையா 10 யார்டு போச்சு. இதை ஒவ்வொண்ணா பிரிச்சு, ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணுன்னு குடுங்க. சீசன்ல காலேஜ் பையனுக்கு மீட்டிங், வீடியோ எல்லாம் சேர்த்தே வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. அஞ்சு விஷயத்தை ஒரே நாள்ல திணிச்சா ஒண்ணும் நிக்காது.

விதியையும் திரும்பப் படிக்கணும். பாஸ் ஆட்டத்துல, பந்து எறியறதுக்கு முன்னால, லைன்மேன் ஆட்டம் தொடங்கற கோட்டுலேர்ந்து புரொஃபஷனல் லீக்கான என்எஃப்எல்ல 1 யார்டு வரைக்கும்தான் முன்னால போகலாம், காலேஜ்ல 3 யார்டு. ஓட்டமா பாஸானு கடைசி நொடியில குவாட்டர்பேக் முடிவு பண்ற ஆட்டங்கள் காலேஜ்ல இவ்வளவு ஓடறதுக்கு அந்த ரெண்டு யார்டு ஒரு பெரிய காரணம். பழைய பழக்கத்துல "1 யார்டுலயே நில்லு"ன்னு சொல்லிக் குடுத்தீங்கன்னா, எதிரணி முன்வரிசைக்குப் பின்னால நிக்கற லைன்பேக்கரைத் தடுக்க ஆளே இருக்காது, பந்தோட ஓடறவன் லைன்கிட்டயே மாட்டிக்குவான்.